பெற்றவளை அக்கா என்றேன்

அக்கா என்றால் யார்? இந்தக் கேள்விக்கு ஒரே பதிலாகச் சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை.

எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். களியக்காவிளைக்கு அருகே ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்தேன். என்னைப் பெற்றவளை நான் அக்கா என்றுதான் அழைப்பேன். வீட்டில் யாரும் திருத்தியதில்லை. ஒருநாள் நான் மறந்துவைத்த சோற்றுப் பாத்திரத்தை அவள் பள்ளிக்கே கொண்டுவந்தாள். "அக்கா!" என்று ஓடி வாங்கினேன்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வீட்டில் மலையாளம் பேசுகிறவள்.

"அது ஒனக்க சேச்சியா?"

"இல்லட்டி, என்னப் பெத்தவ."

"அம்மைய யாராவது அக்கான்னு விளிப்பாவளா? ஏட்டி, ஒன்ன தவிட்டுக்கு வாங்கினதா?"

வகுப்பே சிரித்தது.

சாயங்காலம் வீட்டில் அக்கா அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று, பழிவாங்குவதுபோல உரக்க, "அம்மா!" என்றேன். தேங்காய் ஒட்டிய கையோடு ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாத மக்கா, சொல்லப்பிடாது."

உப்பும் மிளகாயும் என்னைச் சுற்றி அடுப்பில் போட்டாள். எனக்கு அம்மாவாக இருக்க அவளுக்கு வெட்கம் என்று முடிவுசெய்தேன். இரண்டு நாள் எதுவும் சொல்லி அழைக்காமலே அவளிடம் சோறு வாங்கித் தின்றேன்.

ஆசிரியப் பயிற்சிக்குப் போனபோது அகராதிகளைப் புரட்டினேன். தெலுங்கு, கன்னடம், மராத்தியில் அக்கா மூத்த சகோதரி. வடமொழியில் தாய், அது வேற்று மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு குறிப்பு. தமிழிலேயே மூதேவிக்கும் அக்காள் என்று பெயர். எங்கள் வீட்டுப் பொருள் மட்டும் எதிலும் இல்லை.

அதை என் கல்யாணத்துக்குப் பிறகு, அப்பாவோடு பிறந்த அத்தை சொன்னாள். எனக்கு முன்னே பிறந்த இருவரும் அம்மா என்று அழைக்கப் பழகிய வயதிலேயே போய்விட்டார்களாம். மூன்றாவதாக வந்த என்னை அக்கா அந்த அத்தையிடம் ஒரு நாழித் தவிட்டுக்கு விற்று, இது என் பிள்ளை இல்லை என்று எமனை நம்பவைத்திருக்கிறாள். அன்று என் வாயைப் பொத்திய கையில் இருந்தது பயம் என்பது எட்டு வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

என் முதல் குழந்தை தங்கவில்லை. இரண்டாவதாகப் பிறந்த மகளுக்கு இப்போது பத்து மாதம். "ஒன்னய அக்கான்னே விளிக்கட்டும்" என்கிறாள் என்னைப் பெற்றவள். நான் படித்தவள், இதையெல்லாம் நம்பாதவள். ஆனாலும் நேற்று குழந்தை "ம்...ம்..." என்று தொடங்கியதும், சொல் முடிவதற்குள் காக்கையைக் காட்டிக் கவனத்தை மாற்றிவிட்டேன்.

ஒன்றை இழந்த பிறகு இன்னொன்றைப் பெற்றவர்கள் உங்களில் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அந்தப் பிள்ளை உங்களை என்னவென்று அழைக்க விட்டீர்கள்?