பூண்டிக்குப் பூக் கேட்கப் போன என் மோட்டார் சைக்கிள்

இதை விற்றால்தான் பனியன் மிஷினுக்கு அட்வான்ஸ் கட்ட முடியும். அதனால் மைசூர் வரை என்னைச் சுமந்த மோட்டார் சைக்கிளை, பக்கப்பெட்டிகளோடு விலைக்கு விட்டிருக்கிறேன்.

இன்று காலை சேவூர்க்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். பார்த்ததும் பிடித்துவிட்டது.

"பூண்டிக் கோயில்ல பூக் கேட்டுட்டு வந்தர்றனுங்க. வெள்ளைப்பூ வந்தா வண்டி எனக்குங்க. செவப்பு வந்தா வேண்டாமுங்க."

சாமி காரியம். சாவியைக் கொடுத்தேன். பூண்டி பக்கம்தானே.

பொழுது சாயும்போதுதான் திரும்பினார்கள். பெட்ரோல் விற்கிற விலைக்கு டேங்க் காலி.

"செவப்பு வந்துருச்சுங்க," என்றார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

பக்கப்பெட்டியைத் திறந்தேன். தேங்காய் வெற்றிலையோடு ஒரு மஞ்சப்பை. அதில் கொமரலிங்கத்துக் கல்யாண வீட்டின் பெயர் அச்சடித்திருந்தது.

"ஏனுங்க, பூண்டி வடக்கதானுங்களே இருக்குது? கொமரலிங்கம் தெக்க ரொம்பத் தூரமில்லீங்களா?"

"அப்படியே ஒரு எட்டு போயிட்டு வந்தமுங்க."

அவர் மனைவி கூச்சமே இல்லாமல் பையை வாங்கிக்கொண்டார்.

போன வாரம் வந்தவருக்கும் ஊட்டியைச் சுற்றிவிட்டு வந்த பிறகுதான் சிவப்பு வந்தது.

நண்பர்களே, வண்டி வேண்டுமென்றால் முதலில் பஸ்ஸில் போய்ப் பூக் கேட்டுவிட்டு வாருங்கள். பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் சாமி பதில் சொல்லும்.