குப்பைப் பைக்கு ஒரு விளக்கம்

போட்டோக்காரர் பாதி ஆயுச ஒரு பெரிய கடையோட கைப்பைங்களப் படம் புடிச்சே தீத்தவர். பட்டுத்துணி விரிச்சு, வெளிச்சம் வச்சு, பச்சக் கொழந்தைய மாதிரி பைய உக்கார வைப்பார். பெத்த புள்ளைய ஒரு நாளாவது அப்படி உக்கார வச்சீங்களான்னு பொண்டாட்டி கேக்காத நாளில்ல.

திடீர்னு வேலைய விட்டுட்டார். வீட்டுக் குப்பைப் பையத் தூக்கி அதே பட்டுத்துணில வச்சு, தங்கக் கலர்ல ஒரு முத்திரையும் ஒட்டிப் படம் எடுத்தார். பேரப் பாத்துப் பணத்தக் கொட்டுறவங்களக் கிண்டல் பண்றாராம். பொண்டாட்டிக்குப் புரிஞ்சுது. ஊருக்குப் புரியணுமே. கண்காட்சில ஒருத்தர்கூட சிரிக்கலன்னா பழையபடி கடைக்கே போயிடறேன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுக் கெளம்புனார். கடை மேனேஜர் அவளோட அண்ணந்தான். எப்ப வர்றீங்க மாப்பிள்ளன்னு பல்லக் காட்டிட்டுத் திரிஞ்சார். அந்தப் பல்லுக்காகவாவது தன் புருஷன் ஜெயிக்கணும்னு அவளுக்கு வெறி.

மனுஷன் செல்போன வீட்டுலயே மறந்துட்டுப் போயிட்டார். அவர் போய்ச் சேர்றதுக்குள்ள அது அடிக்க, இவ எடுத்தா. கண்காட்சி நடக்குற மண்டபத்துக்காரர். சாதாரணப் பேச்சே அவருக்கு மேடைப் பேச்சுதான்.

"அம்மா, குப்பைப் பை படத்தை விளக்குமாறு, உடனே ஏற்பாடு செய்யுங்கள்." வச்சுட்டார்.

இவ்வளவு பெரிய மண்டபத்துல ஒரு விளக்குமாறுகூடவா இல்லன்னு திட்டிக்கிட்டே, கூட்டிட்டிருந்தத அப்படியே எடுத்துட்டு பஸ் ஏறுனா.

அங்க போனா, ஆளாளுக்கு இந்தப் பை எந்தக் கடைல கெடைக்கும்னு அவரக் கொடஞ்சிட்டிருக்காங்க. மனுஷனுக்கு அழுகை வர்ற நெலம. பக்கத்துல அண்ணன், அதே பல்லு. இவ நேராப் போய் விளக்குமாற படத்துக்குக் கீழ சாத்துனா.

மண்டபத்துக்காரர் ஓடி வந்தார். "ஐயோ, நான் படத்த விளக்கச் சொன்னேம்மா."

"விளக்குமாறுன்னுதானே சொன்னீங்க. குப்பைன்னா வேற என்னத்தக் கொண்டுவர்றது?"

பைய வெல கேட்டுட்டிருந்த ஒரு அம்மா விளக்குமாறப் பாத்தாங்க, படத்தப் பாத்தாங்க, கடைசியா தன் கைல தொங்குன பையப் பாத்தாங்க. குபீர்னு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு அப்படியே மண்டபம் பூரா பத்திக்கிச்சு.

"நான் வரல மச்சான்," என்றார் போட்டோக்காரர்.

அண்ணன் வாய மூடிட்டுக் கெளம்பிட்டார். அவளும் விளக்குமாற எடுக்கக் குனிஞ்சா. புருஷன் கையப் புடிச்சுட்டார். கண்காட்சி முடியற வரைக்கும் அது அங்கயே இருக்கட்டும்னு கெஞ்சுனார்.

"வீட்ட யாரு கூட்டுறது?"

"நானே கூட்டுறேன்."

"எதால?"