நைனாவின் விரலுக்கு ஒரு ரப்பர் பேண்ட்

ரப்பர் பேண்டைக் காதோரம் வைத்து இழுத்து, சத்தம் கேட்டுத் தேர்ந்தெடுக்கிற ஆளை நீங்கள் பார்த்ததுண்டா? நான் போன வாரம் பார்த்தேன். பழவேற்காடு பஜாரில், ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில்.

ஆளின் பெயர் வசந்தா. அந்தக் கடையில்தான் வேலை. சாயங்காலங்களில் பிறந்தநாள் வீடுகளுக்குப் போய் மேஜிக் செய்வார். பொன்னேரியில் என் தங்கை வீட்டு விசேஷத்தில், என் மூக்குக்கு நேராக இரண்டு ரப்பர் பேண்டுகளைக் கொக்கி மாதிரி மாட்டினார். இழுத்துக் காட்டினார். அப்புறம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்ததுபோல இரண்டும் தனித்தனியாக வந்துவிட்டன. நான் வாயைப் பிளந்தேன்.

"நான் பண்ணா எவனும் கண்டுபுடிக்க முடியாது சார்" என்றார். தன்னடக்கம் என்கிற வியாதி வசந்தாவுக்குக் கிடையாது. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப் போனது.

கண்டுபிடித்த ஒரே ஆள் அவருடைய நைனா. அதாவது அப்பா. பெயர் ஏழுமலை, ஊர் பக்கத்திலேயே இருக்கிற தோணிரேவு. இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? ஏழுமலைக்குக் கண் தெரியாது.

சர்க்கரை நோய் இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்டது. அதற்கு முன்புவரை ஏரியில் கையால் இறால் பிடித்தவர். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, இறாலைப் போட்டுக்கொள்ளும் ஓலைக்கூடையான பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, அடிச்சேற்றைத் துழாவுகிற வேலை. கலங்கின தண்ணீரில் கண்ணுக்கு என்ன வேலை? எல்லாம் விரல்தான். இறால் துள்ளுவதற்கு முன் அது துள்ளப்போகிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். அந்த விரல்களைத்தான் மகள் ஏமாற்றப் பார்க்கிறார்!

எதற்காம்? கண் போனதிலிருந்து மனிதர் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. கரையோரத்தில் ஒரு பூவரச மரம் இருக்கிறது. கூட்டாளிகள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்து அரட்டை அடிப்பார்கள். "எனக்கு அங்க இன்னா வேலை?" என்று படுத்தவர் படுத்தவர்தான். ஒரே ஒரு தடவை நைனா ஆச்சரியப்பட்டு "எப்படிம்மா?" என்று கேட்டுவிட்டால் போதும், பழைய ஆளாக எழுந்துவிடுவார் என்று வசந்தாவுக்கு ஒரு நம்பிக்கை. இந்த மாதிரி நம்பிக்கைகளுக்கெல்லாம் காரணம் கேட்கக் கூடாது.

ஒரு ரப்பரை நைனாவின் விரல்களில் மாட்டி, அதில் தன் ரப்பரைக் கோத்து இழுக்க வேண்டும். பிறகு அவர் விரலிலிருந்து கழற்றாமலே விடுவிக்க வேண்டும். ஏற்கெனவே செய்து பார்த்து, ஏற்கெனவே தோற்றும் ஆயிற்று. மெல்லிய ரப்பர் போட்டபோது, காய்ப்புக் காய்த்த அந்த விரல்களுக்கு அது உறைக்கவே இல்லை. "ரப்பரு எங்க கீது?" என்றாராம். சரி என்று தடிமனாகப் போட்டால், புது ரப்பர் 'டக்'கென்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டது. அந்த நிமிஷமே, தந்திரம் செய்துகொண்டிருந்த மகளின் நடுவிரலைப் பிடித்துவிட்டார்... இறாலைப் பிடிக்கிற மாதிரி!

"இன்னும் ஒரு வாட்டிதான். அப்புறம் என்கிட்ட இத்த எடுத்துனு வராத" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்த ஒரு வாட்டிக்குத்தான் ரப்பர் தேடிக்கொண்டிருந்தார் வசந்தா.

பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலிடுக்கில் உருட்டினார். இழுத்தார், காதில் வைத்தார், தூக்கிப் போட்டார். "கண்ணால பாக்குறவங்களுக்கு கலர் முக்கியம் சார். சட்டை கறுப்புன்னா வெள்ளை ரப்பர். நைனாவுக்குக் கலர் எதுக்கு? தடியா இருக்கணும். ஆனா வாயத் தொறக்கக் கூடாது." மேஜிக்குக்கு ரப்பர் வாங்குவதில் இத்தனை சங்கதியா என்று நான் மலைத்துப் போய் நின்றேன்.

புது ரப்பர் எல்லாமே பேசியது. கடைசியில் அவர் கண் மேல் ரேக்குக்குப் போனது. வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்து மீந்த போன வருஷக் காலண்டர்கள் அங்கே சுருளாகக் கிடந்தன. ஒவ்வொன்றையும் இறுக்கிப் பிடித்தபடி ஒரு பட்டை ரப்பர். உப்புக்காற்றில் சிலது பிசுபிசுத்துப் போயிருந்தன, சிலது தொட்டதுமே அறுந்தன. பதமாகத் தளர்ந்திருந்த ஒரே மாதிரி ஜோடி கிடைக்கும்வரை அவர் விடவில்லை. பவுடர் தடவி, காதோரம் இழுத்தார். சத்தமே இல்லை.

"வசந்தா! காலண்டரெல்லாம் ஏம்மா அவுந்து கிடக்குது?" என்று முதலாளி கத்தியபோது நாங்கள் தெருவில் இறங்கியிருந்தோம்.

தோணிரேவில் ஏழுமலை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "நைனா, எந்திரி. கடைசி வாட்டி" என்றார் மகள். முனகிக்கொண்டே எழுந்து கைகளை நீட்டினார். வசந்தா மாட்டினார், கோத்தார், இழுத்தார். "இழுக்குதா?" "ம்... இழுக்குது."

அடுத்த விநாடி மகளின் கை ரப்பரோடு தனியாக வந்துவிட்டது. ஏழுமலை தன் விரலில் இருந்த ரப்பரைத் தடவினார். அறுந்திருக்கிறதா என்று முழுக்கச் சுற்றிப் பார்த்தார். மகளின் ரப்பரை வாங்கி அதையும் தடவினார், முகர்ந்தார், இழுத்தார்.

"எப்படிம்மா?"

வசந்தா அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதில் என்ன வெட்கம்? "சொல்ல மாட்டேன் போ" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

நைனா இரண்டு ரப்பரையும் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, "என் சட்டைய எடு. மரத்தாண்ட இட்டுனு போ" என்றார்.

மகளின் தோளைப் பிடித்தபடி பூவரச மரத்தடிக்கு வந்தார். கூட்டாளிகள் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்தார்கள். நலம் விசாரிக்கக்கூட விடாமல் ஏழுமலை இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார்.

"கண்ணு தெரிஞ்சவனுங்கல்லாம் கிட்ட வாங்கடா... உங்களால கண்டுபுடிக்க முடியுதான்னு பாக்கலாம்!"

வசந்தா மறுபடி அவர் விரல்களில் மாட்டினார், கோத்தார், விடுவித்தார். ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அங்கே எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் ஏழுமலைதான்.

முதலாளியின் காலண்டர்களா? கிடக்கட்டும், விடுங்கள்!