கெங்கம்மா தனியாக உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை

எர்ணாவூர் குடியிருப்பில் தண்ணீர் லாரி வந்தால் முதலில் கேட்பது கெங்கம்மாவின் குரல்தான். எந்த வீட்டில் சண்டை நடந்தாலும் நடுவில் நிற்பவளும் அவளே. ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் கூட்டிப் பெருக்கும் வேலை அவளுக்கு.

ஒருநாள் அந்த ஆபீசுக்கு மகிழ்ச்சியைப் பற்றி வகுப்பெடுக்க ஓர் அம்மா வந்தார்.

"வாரத்துல ஒரு மணி நேரம் யாரோடயும் பேசாம தனியா உட்காருங்க. உண்மையான சந்தோஷம் அதுலதான் இருக்கு."

ஐம்பது வயதாகியும் இதை மட்டும் செய்து பார்க்கவில்லையே என்று கெங்கம்மாவுக்குத் தோன்றியது. ஞாயிறு சாயங்காலம் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். தூரத்தில் கப்பல்கள் நின்றன. அவையும் தனியாகத்தான் நின்றன. ஒன்றும் சந்தோஷமாக இருப்பதாகத் தெரியவில்லை.

துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு ரூபினா திடுக்கிட்டாள்.

"இன்னாக்கா, தனியா குந்திகினு கீறே? வூட்ல எதுனா பேஜாரா?"

"ஒண்ணுமில்ல. சொம்மா சந்தோசமா கீறேன்."

ரூபினா அதை நம்பவில்லை. துணியைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினாள். இரண்டாம் மாடியில் செய்தி 'கெங்கம்மா அழுகிறாள்' என்று ஆனது. தெருவில் கேரம் ஆடிக்கொண்டிருந்த கெங்கம்மாவின் புருஷன் லட்சுமணனிடம் சேரும்போது, 'கெங்கம்மா பேச்சையே நிறுத்திட்டா' என்று முற்றிவிட்டது.

லட்சுமணன் மூச்சிரைக்க மேலே ஓடிவந்தான். அவன் பின்னால் பாதி பிளாக்.

"கெங்கா, யாரு சொன்னா உனக்கு? ஆமா, அத்தாவுல்லா பாய் மாடில கீற புறா என்துதான். கோச்சிக்காதே!"

கெங்கம்மாவுக்கு அதுவரை புறாவைப் பற்றி ஒன்றுமே தெரியாது. நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"புறாவா? வளக்க வாணாம்னு நான் சொன்னப்ப அப்டித் தலைய ஆட்னியே, நீயெல்லாம் மனுசனா?"

லட்சுமணனோடு கேரம் ஆடிக்கொண்டிருந்த அத்தாவுல்லாவும் வந்திருந்தார். "நான் அப்பவே வூட்ல சொல்லிடு மாமுன்னேன்," என்று ஒதுங்கினார். "ஒரு புறாவுக்கு உன் பேரத்தாம்மா வெச்சிகீறான்."

"என் பேரா? எதுக்குய்யா?"

லட்சுமணன் தலையைச் சொறிந்தான். "எங்க வுட்டாலும் வூட்டுக்கு வந்துடுது. வந்து, கத்திகினே கீது."

முதலில் சிரித்தது கெங்கம்மாதான். அப்புறம் மாடி முழுக்கச் சிரித்தது. யாரோ சொம்பில் டீ கொண்டுவந்தார்கள், ரூபினா வெங்காய பஜ்ஜி போட்டாள். இருட்டும்வரை ஒருவரும் இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறும் கெங்கம்மா மேலே போனாள். ரூபினாவும் எதிர்வீட்டுப் பூவம்மாவும் முன்னமே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"வாக்கா," என்று ரூபினா நகர்ந்து இடம் விட்டாள். "நாங்களும் தனியாத்தான் குந்திகினு கீறோம்."