மாமரத்துப் புல்லுருவி

புதிதாக ஒரு சொல் கிடைத்தால் அதை யார் மேலாவது பிரயோகித்துப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. எட்டு வயதில் அந்தப் புத்தி இன்னொருவரின் சோற்றில் மண்ணைப் போட்டது.

குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு. முந்தைய வருடம் அப்பா மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டதிலிருந்து அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். மாமாவுக்கு வேலை இல்லை, வீடு இல்லை, நம் வீட்டில் சாப்பிடுகிறார் என்று அப்பாவின் அக்கா வரும்போதெல்லாம் சொல்வாள். அத்தை சொன்னால் எனக்கு அது வேதவாக்கு.

மழை ஓய்ந்து மரங்கள் பூவெடுக்கும் முன் புல்லுருவி வெட்டுவார்கள். மாமா கொடுவாளோடு மரத்தின் மேல் இருந்தார். அப்பா கீழே தடியை ஊன்றி நின்று இடம் காட்டினார். செடியை மட்டும் கழித்தால் மறுபடி தழைத்துவிடும். அது ஒட்டிய இடத்துக்கு ஒரு முழம் கீழே, கிளையோடு சேர்த்து வெட்ட வேண்டும். மரத்திலேயே செழிப்பான பச்சைக் கொத்து விழுந்ததைப் பார்த்து, நல்ல கிளையை வெட்டிவிட்டார்களே என்று நான் பதறினேன்.

“அது மாங்கிளையில்ல கண்ணு. குருவி வெதையக் கொண்டாந்து தேச்சிட்டுப் போயிருக்கும். அதுக்கு மண்ணுல வேரே கெடையாது. மரத்துச் சாறக் குடிச்சே பொழைக்கும்,” என்றார் அப்பா. “அடுத்தவன் ஒழைப்புல ஒக்காந்து தின்றவனையும் அதான் புல்லுருவின்னு சொல்றது.”

அன்று மத்தியானம் அத்தை வந்திருந்தாள். அம்மா மாமாவின் தட்டில் இரண்டாவது களி உருண்டையை வைத்தாள். எனக்கு நாக்கு அரித்தது.

“மாமா புல்லுருவி தானே? அவருக்கு எதுக்கு ரெண்டு உருண்ட?”

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. அப்பா தலையைக் குனிந்து குழம்பைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார்.

“எம் மருமவ கெட்டிக்காரி,” என்று மாமாவும் சிரித்தார். பிறகு கையைக் கழுவிவிட்டுத் தோப்புக்குப் போய், மிச்சமிருந்த மூன்று மரங்களையும் முடித்தார்.

மறுநாள் காலை ஓசூர் பஸ்ஸுக்கு அவரோடு நானும் நடந்தேன்.

“எப்ப வருவ மாமா?”

“மரத்துல மறுபடியும் புல்லுருவி தெரிஞ்சா சொல்லியனுப்பு, வர்றேன்.”

ஓசூர்க் கம்பெனியில் அவருக்கு வேலை நிரந்தரம் ஆகவேண்டிய மாதத்தில்தான் அப்பா விழுந்தார். அம்மா அழுதாள் என்பதற்காக அந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர் மாமா. திரும்பிப் போனவருக்குக் கடைசிவரை கான்ட்ராக்ட் வேலைதான். இதெல்லாம் நானே ஒரு கம்பெனிக்கு ஷிப்டு போகத் தொடங்கிய பிறகு அம்மா சொன்னது. ஒரு வருடம் எங்கள் அடுப்பு எரிந்ததே அவர் உழைப்பில்தான். அப்பாவுக்கு அது அன்றே தெரியும். அவர் வாயைத் திறக்காததை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை, என்னையும்தான்.

ஆனால் அன்று எனக்கு என்ன தெரியும்? அடுத்த வருடம் வடக்கோர மரத்தில் அந்தப் பச்சைக் கொத்தைக் கண்டதும், மாமா வரப்போகிறார் என்று குதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.