அட்டை போன வீடுகள்

விழுப்புரம் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டர். எண்பதுகளின் கடைசி ஆண்டுகள் அவை. கணிதத்தில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, மெட்ராஸில் சில மாதங்கள் தங்கிப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியிருந்தேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. யாராவது கேட்டால், "பொண்ணு டைப் அடிக்குது" என்பாள்.

அரிசி மண்டி, லாரி ஆபீஸ் என்று முதலாளி ஆள் பிடித்துக் கொண்டுவருவார். நான் நேரில் போய் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதித் தருவேன். பாதி எழுதியிருக்கும்போது கரண்ட் போகும்; அதுவரை எழுதியதும் கூடவே போகும். ஒரு லாரி ஆபீஸில், நான் பதிந்து கொடுத்த ஃபிளாப்பி தொலைந்துவிடக் கூடாதே என்று அதை ஒரு காகிதத்தோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து ஃபைலில் வைத்திருந்தார்கள். தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். வேலை என்றால் அப்படித்தான் என்று பழகிப்போயிருந்தது.

திண்டிவனத்தில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. அதை நடத்திய டாக்டரம்மாவுக்கு வெளிநாட்டிலிருந்த அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் அனுப்பியிருந்தார். அதை வைத்து என்ன செய்வதென்று அவருக்கு ஏற்கெனவே ஒரு யோசனை இருந்தது. முதல் நாளே என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"முதல் ஊசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு வந்துடறாங்க. ரெண்டாவதுக்கு ஆளைக் காணோம். நடவு, களையெடுப்புன்னு மறந்துபோயிடுது. நாமளே ஞாபகப்படுத்தினா என்ன?"

அப்படி எழுதியதுதான் அந்தப் புரோகிராம். குழந்தை பிறந்த தேதியைக் கொடுத்துவிட்டால், எந்த ஊசி எந்த வாரம் என்று அதுவே கணக்குப் போடும். ஊசி நாளுக்குச் சில நாள் முன்பு விலாசங்களை லேபிளில் அச்சடித்துத் தரும். தமிழ் எழுத்து எங்கள் பிரிண்டரில் வராது. அதனால் 'உங்கள் குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டிய நாள் வந்துவிட்டது, தவறாமல் அழைத்து வரவும்' என்று பிரஸ்ஸில் அட்டைகள் அடித்து வைத்திருந்தோம். அதன் மேல் ஆங்கில எழுத்தில் அச்சான லேபிளை ஒட்டி அஞ்சலில் சேர்ப்பார் நர்ஸக்கா. பிறந்து சில நாளே ஆன குழந்தைகளுக்குப் பெயர் இருக்காது. அம்மாவின் பெயரைப் போட்டு, இன்னாருடைய குழந்தை என்றுதான் பதிவோம்.

புதன்கிழமை ஊசி நாள். நானும் அன்றுதான் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறிப் போவேன். அட்டை போகத் தொடங்கிய சில மாதங்களில் வராண்டா பெஞ்சு போதாமல் தாய்மார்கள் தரையில் துண்டு விரித்து உட்கார ஆரம்பித்தார்கள். அட்டையை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள். மெட்ராஸில் என்னோடு படித்தவர்களெல்லாம் பெரிய பெரிய கம்பெனிகளுக்கு எழுதினார்கள். நான் எழுதியதைக் கேட்டுக் குழந்தைகள் வந்தன. அந்த அழுகைச் சத்தத்துக்கு நடுவே நடந்து போகும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

சித்திரை மாதத்தில் ஒரு புதன்கிழமை. ஊசிக் கூட்டம் கலைந்த பிறகு, கம்ப்யூட்டர் அறையின் வாசலில் ஒருவர் வந்து நின்றார். முப்பது வயது இருக்கும். சலவை வேட்டி, தோளில் துண்டு. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். கையில் எங்கள் அட்டை.

"இத அனுப்புறது நீங்கதானாமே, நர்ஸம்மா சொன்னாங்க."

ஆமாம் என்றேன். தேதி தவறிப்போயிருக்கும், விலாசம் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

"இன்மேக்காட்டி அனுப்பாதீங்க. கொழந்த இல்லீங்க."

எனக்கு உடனே புரியவில்லை. வேறு ஊருக்கு அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"இல்லீங்க. தவறிப்போச்சு. வயித்தால போச்சு. பாண்டிக்குத் தூக்கிக்கினு போனோம். வழில கிளியனூர்கூடத் தாண்டல." கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். "ஒங்க மேல ஒண்ணும் கொற இல்லீங்க. ஊசியாலன்னு சொல்ல வரல. போஸ்ட்மேன் வந்து இதப் படிச்சிட்டுப் போயிட்டாரு. அதுலேர்ந்து எங்க வூட்ல, வா போலாம், ஆஸ்பத்திரில கூப்புட்டுருக்காங்கன்னு சொல்லிக்கினே இருக்குது. காலைல எழுந்து கொழந்தயக் குளிப்பாட்டத் தண்ணி காய வச்சிடுது. நான் இன்னா சொன்னாலும் கேக்கல. அதான் வந்தேன்."

அவர் மயிலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்தார். கல்லெடுத்து எறிந்துவிட்டுப் போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவர் மன்னிப்புக் கேட்பதுபோலப் பேசினார். அட்டையை மேசை மேல் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க அங்கிருந்த பேனாவை அதன் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மதியம் திரைக்கு முன்னால் உட்கார்ந்து நான் எழுதிய புரோகிராமை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். இரட்டைக் குழந்தைக்கு வழி வைத்திருந்தேன். தேதியைத் தப்பாகப் பதிந்துவிட்டால் திருத்த வழி வைத்திருந்தேன். வீடு மாறினால், ஊசியைத் தள்ளிப்போட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. ஒரு குழந்தை இல்லாமல் போகும் என்பதற்கு மட்டும் அதில் இடமே இல்லை. அந்தக் குழந்தையின் வரியை நேரடியாகக் கட்டளை கொடுத்து அழித்தேன். முறையாக ஒரு வழியை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் முதலாளி வேறொரு வேலைக்காக என்னைச் சில வாரங்கள் விழுப்புரத்திலேயே பிடித்து வைத்துவிட்டார்.

ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம் திண்டிவனத்தில் இடியோடு மழை. மறுநாள் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. பாண்டிச்சேரியிலிருந்து மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, டிஸ்க் போய்விட்டது என்றார். புது டிஸ்க் மாட்டிய பிறகு, நகல் எடுத்து வைத்திருந்த ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கடைசியாக எடுத்தவை படிக்கவில்லை. பங்குனியில் எடுத்து வைத்த பழைய நகல்தான் படித்தது. பெயர்கள் திரையில் வரிசையாக வந்தபோது நர்ஸக்கா கைகூப்பினார். டாக்டரம்மா காபி வரவழைத்துக் கொடுத்தார். பங்குனிக்குப் பிறகு பிறந்த குழந்தைகளை நர்ஸக்கா சொல்லச் சொல்ல உட்கார்ந்து மறுபடி ஏற்றினேன். விட்டுப்போனவற்றைச் சேர்ப்பதிலேயே எங்கள் கவனம் முழுதும் இருந்தது. நடுவில் அழித்த ஒரு பெயர் அந்தப் பழைய நகலோடு திரும்பி வந்திருக்கும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு புதன்கிழமை நான் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. வராண்டாவில் நர்ஸக்காவின் குரல் வழக்கத்தைவிட மெல்லக் கேட்டது.

"கொழந்த எங்கம்மா? யார்கிட்ட குடுத்துட்டு வந்த?"

பெஞ்சின் ஓரத்தில், மற்ற தாய்மார்களுக்கு நடுவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள். புடவையின் கீழ்ப்பகுதி முழுக்க நனைந்திருந்தது. ஒன்பதாம் மாதம் போடும் தட்டம்மை ஊசிக்கான அட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"கொழந்த இல்ல" என்றாள்.

"பின்ன ஏம்மா வந்த?"

"கூப்புட்டீங்களே."

நர்ஸக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், தன் மடியிலிருந்த குழந்தையை மெதுவாக மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். அட்டையின் லேபிளில் மயிலம் பக்கத்து அந்த ஊரின் பெயரைப் பார்த்ததும் அவள் யாரென்று புரிந்தது. நான் போய் அவள் கையைப் பிடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன்.

"தப்பு எங்களுதுதாம்மா. மிசினு கெட்டுப்போய் பழசு மறுபடியும் வந்துடுச்சு. உங்க வீட்டுக்காரர் சொல்லிட்டுத்தான் போனாரு" என்றேன்.

"அவரு சொல்லலக்கா. இங்க வந்துட்டுப் போனதே எனக்குத் தெரியாது." அவள் திரையைப் பார்த்தாள். "இதுலதான் இருக்குதா?"

ஆமாம் என்றேன்.

"காட்டுறியா?"

காட்டலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே கை விசைகளைத் தட்டிவிட்டது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் அந்த வரி வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. விரலை அதன் மேல் வைத்து, "இன்னா எழுதியிருக்குது?" என்று கேட்டாள். படித்துச் சொன்னேன். அவள் பெயர். ஊர். பிறந்த தேதி, கிழமை. பிறந்தபோது இருந்த எடை. முதல் ஊசி போட்டாயிற்று என்ற குறிப்பு. பெண் குழந்தை.

"பேரு?"

"பேரு இல்லம்மா. அப்ப வைக்கலையே. உன் பேருதான் இருக்கு."

"வச்சோம்" என்றாள். "முப்பதாம் நாளு வச்சோம்." அந்தப் பெயரைச் சொன்னாள். அதுவரை அழாமல் இருந்தவள், பெயரைச் சொன்னதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் திரும்பி அந்தப் பெயரை டைப் செய்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக வருவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதி முடித்ததும் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"இத எடுத்துடறேம்மா, இனிமே அட்டை வராது" என்றேன்.

"எடுக்காதக்கா. அது பாட்டுக்கு இருக்கட்டும். காயிதம் மட்டும் வேணாம். அவரு பாத்தா சாப்புட மாட்டறாரு."

அதற்குள் அவள் கணவர் தேடிக்கொண்டு வந்துவிட்டார். கழனியிலிருந்து அப்படியே வந்திருந்தார். முழங்கால் வரை சேறு. மனைவி உள்ளே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, முன்பு நின்ற அதே இடத்தில் வாசலில் நின்றார். நடந்ததைச் சொல்ல நான் வாயெடுத்தபோது, "வுடுங்கம்மா" என்றார். டாக்டரம்மா வந்து அவர்களைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். வெகுநேரம் கழித்து இருவரும் ஒரே குடையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போனதை ஜன்னல் வழியே பார்த்தேன்.

அவளை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அடுத்த வருடம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகள் ஏலத்துக்கு வரிசையாக நிற்கும் மார்க்கெட் கமிட்டி வாசலில் அவள் கணவரைப் பார்த்தேன். எப்படியிருக்கிறாள் என்று கேட்டேன். "இப்பத் தேவலாம். கழனிக்கு வருது" என்றார்.

அவள் வந்துபோன அந்தப் புதன்கிழமையே, விழுப்புரம் திரும்பாமல் உட்கார்ந்து புரோகிராமை மாற்றினேன். பெயரை அழிக்காமல், அட்டையை மட்டும் நிறுத்த ஒரு இடம். ஒற்றை எழுத்து போட்டால் போதும். எழுத அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு சின்ன வேலை என்பதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

அந்த இடத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கேட்டார்: "இந்த ஒரு வீடு மட்டும்தானா?"

அட்டை போயும் வராத குழந்தைகளின் பெயர்களை எடுத்தோம். அந்தந்த ஊர்க்காரர்கள் பிரசவத்துக்கோ மருந்துக்கோ வரும்போதெல்லாம் நர்ஸக்கா விசாரிக்க ஆரம்பித்தார். சிலர் தாய்வீட்டுக்குப் போயிருந்தார்கள். சிலர் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே ஊசி போட்டிருந்தார்கள். சிலரைப் பற்றிக் கேட்டபோது, வந்தவர்கள் தலையை மட்டும் ஆட்டினார்கள். ஒரு வீட்டில் ஒவ்வொரு அட்டையையும் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்களாம். இன்னொரு வீட்டில் அடுப்பில் போட்டுவிட்டார்களாம். யாரும் வந்து சொல்லவில்லை. படித்தவர்கள் அனுப்புகிறார்கள், ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள் போல. பஸ் ஏறி வந்து சொன்னவர் அந்த ஒருவர்தான்.

நர்ஸக்கா மேசை இழுப்பறையைத் திறந்து சின்னதாக ஒரு கட்டு எடுத்து வைத்தார். அஞ்சலில் திரும்பி வந்த அட்டைகள். விலாசம் தப்பு என்று நினைத்து எடுத்துப் போட்டு வைத்திருந்தாராம். போஸ்ட்மேனின் கையெழுத்தில் ஒவ்வொன்றின் மேலும் 'ஆள் இல்லை' என்று இருந்தது. டாக்டரம்மா அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

அட்டை அனுப்புவதை அவர் நிறுத்தவில்லை. நிறுத்தவும் கூடாது என்று எனக்குத் தெரியும். அடுத்த புதனும் பெஞ்சு நிறைந்துதான் இருந்தது. நான் லேபிள்களை அச்சடித்துக் கொடுத்தேன். நர்ஸக்கா ஒட்ட உட்கார்ந்தார். முன்பெல்லாம் ஊர்க்கதை பேசிக்கொண்டே மளமளவென்று ஒட்டிவிடுவார். அன்று ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்தார்.

"இது இருக்குது, போன மாசம் பாத்தேன். இதுவும் இருக்குது, நல்லா கொழுகொழுன்னு." அடுத்த லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "இது தெரியலியே" என்று அதைத் தனியாக வைத்தார்.

அவர் ஒட்டி முடித்தபோது, ஒட்டியவற்றைவிடத் தெரியாதவை என்று தனியாக வைத்தவைதான் அதிகமாக இருந்தன.