எட்டுத் தலை உயரம்

படம் வரையும் அறையின் நடுவில் கிடந்த பெஞ்சின் மேல் அந்த அக்கா முதன்முதலாக ஏறி நின்றபோது, இரண்டு பாதங்களும் ஈரமாகப் பதிந்தன. அப்போதுதான் குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்து பானையை நிரப்பிவிட்டு வந்திருந்தார். ஒரு காலில் எடையைப் போட்டு, மறு காலைச் சற்று முன்னால் நீட்டி, இடது கையை இடுப்பில் ஊன்றி நிற்கும்படி டீச்சர் சொன்னார். குடம் இல்லாத இடுப்பில் கையை என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா சிரித்தார். "என்னங்க டீச்சரம்மா, நொண்டி ஆடு வெயிலுக்கு ஒதுங்குன மாதிரியில்ல நிக்கச் சொல்றீங்க" என்றார். நாங்கள் பன்னிரண்டு மாணவிகளும் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை.

புதுக்கோட்டை, சமஸ்தானமாக இருந்தது போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அங்கே பெண்களுக்கான தையல் பயிற்சி நிலையம் ஒன்றில் நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வெட்டுவது, தைப்பது, பூவேலை ஆகியவற்றோடு உருவம் வரைவதும் எங்களுக்கு ஒரு பாடம். உடையை வரைவதற்கு முன் உடம்பை வரைய வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தாளில் ஒரு நேர்கோடு. அதை எட்டுப் பங்காகப் பிரிக்க வேண்டும். முதல் பங்கு தலை. இரண்டாவது முடியும் இடத்தில் மார்பு, மூன்றாவதில் இடை, ஆறாவதில் முழங்கால், எட்டாவதில் பாதம். தோள் ஒரு பக்கம் சரிந்தால் இடுப்பு மறுபக்கம் சரியும். இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. எதையும் வரிசைப்படுத்தி எழுதி வைத்தால்தான் எனக்கு நிம்மதி. இன்றும் அப்படித்தான்.

பெஞ்சின் மேல் ஏறி நிற்க எங்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை. நிலையத்தில் தண்ணீர் எடுத்து, பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்த அக்காவை டீச்சர் கூப்பிட்டதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை டீச்சர் வாய்விட்டே சொன்னார். அக்கா ரவிக்கை போடுவதில்லை. கந்தர்வகோட்டைக்கு அப்பால் ஒரு முந்திரிக்காட்டு ஊர் அவருடையது. அவருடைய குடும்பத்தில் தாலி கட்டிய பெண்கள் ரவிக்கை போடும் வழக்கம் இல்லை. மாமியார் போட்டதில்லை, அதனால் மருமகளும் போடவில்லை. புடவையை மார்பைச் சுற்றி இழுத்துச் செருகியிருப்பார். கழுத்தெலும்பு, தோள், புஜம் எல்லாம் வெளியே தெரியும். "வரையறதுக்கு வசதி" என்றார் டீச்சர்.

ஆக, ரவிக்கையே போட்டறியாத ஒருவரைப் பார்த்துப் பார்த்து மூன்று மாதம் ரவிக்கைகளாக வரைந்து தள்ளினோம். வட்டக் கழுத்து, சதுரக் கழுத்து, படகுக் கழுத்து, பின்பக்கம் பொத்தான், முன்பக்கம் கொக்கி, உப்பிய கை, முழங்கை வரை இறங்கும் கை. வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம் அவர் அசையாமல் நின்றார். இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்வார்.

என் படங்கள் மட்டும் டீச்சருக்குப் பிடிக்கவில்லை. நான் பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அளந்து வரைபவள். அக்காவின் உயரம் அவருடைய தலையைப்போல் ஆறே முக்கால் மடங்கு. அப்படியே வரைந்திருந்தேன். சுமை தூக்கி அகன்ற தோள், குட்டைக் கழுத்து, கனத்த புஜம் எல்லாம் இருந்தபடியே இருந்தன. டீச்சர் தாளைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டினார்.

"இது யாரு?"

"தண்ணி எடுக்கிற அக்கா, டீச்சர்."

"அதான் தப்பு. படத்துல நிக்கிறவ மனுஷி இல்லடி. துணி மாட்டுற கொடிக்கம்பி. கம்பிக்கு ஏது புஜம்?"

பெஞ்சின் மேல் நின்றபடி அக்கா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "கொடிக்கம்பின்னா வெயில்ல நிக்கணுமே, நெழலுக்குள்ள நிக்கவச்சுட்டீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று நானும் சிரித்ததை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அக்காவின் கணவர் இலங்கையில் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர், கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள். புதுக்கோட்டையில் புதிதாக ஒரு பிரசவ விடுதி திறக்கப்போவதாகவும், அதற்கு ஆயா வேலைக்கு ஆள் எடுப்பதாகவும் கேள்விப்பட்டு அக்கா போய் விசாரித்துவிட்டு வந்தார். நிரந்தர வேலை. தங்க ஓர் அறையும் உண்டு. அங்கிருந்த மேற்பார்வை அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஒரு நிபந்தனை. ரவிக்கை போட்டுக்கொண்டு வர வேண்டும். பிரசவ அறையில் தலைப்பை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்பவள் வேலைக்கு ஆகமாட்டாள்.

"மாமியாக்காரி வஞ்சா வஞ்சிட்டுப் போறா" என்று அக்கா என்னிடம் சொன்னார். "ஆனா கடையில ஆம்பள டைலருக்கிட்ட நின்னு அளவு குடுக்க எனக்குக் கூசுது பாப்பா. அடுத்தவுக சட்டைய வாங்கிப் பாத்தேன், கையே நொழையல. நீங்க ஒண்ணு தச்சுக் குடுக்குறீங்களா?"

எனக்கும் அது வசதியாகவே இருந்தது. ஆண்டுத் தேர்வுக்காக, உயிருள்ள ஒருவரின் அளவுக்கு ஓர் உடை தைத்துக் காட்ட வேண்டும். நாடா பிடித்து அளவெடுத்தேன். மார்புச் சுற்று முப்பத்துநான்கு அங்குலம். தோள் பதினைந்தரை. கைச்சுற்று பன்னிரண்டு. ரவிக்கையின் உயரம் பதின்மூன்றரை. அக்கா துணி வாங்கி வந்தார். பச்சைப் பருத்தி, கரையில்லாதது. வட்டக் கழுத்து, முன்பக்கம் ஐந்து கொக்கிகள், குடத்தை எடுத்தால் இழுக்காதபடி அக்குளில் ஒரு சின்ன முக்கோண ஒட்டு. அந்த ஒட்டு என் யோசனை. வெள்ளிக்கிழமை மத்தியானம் தைத்து முடித்தேன். அக்கா பின்கட்டில் போட்டுப் பார்த்தார். கையை மேலே தூக்கினார், குனிந்தார், நிமிர்ந்தார். "ஒடம்போட பொறந்த மாதிரி இருக்கு" என்றார். கொக்கிகளை அழுத்தி, இஸ்திரி போட்டு மறுநாள் காலையில் தருவதாகச் சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. சுருக்கம் இருந்தால் எனக்குப் பொறுக்காது, அதனால் நானாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் டீச்சர் எல்லோருடைய தையலையும் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். திங்கட்கிழமை காலையில் கண்காட்சி. திருச்சியிலிருந்து ஓர் அதிகாரி குடும்பத்தோடு வருகிறார். பச்சை ரவிக்கை அக்காவுக்கு அதே காலையில் வேண்டும் என்று நான் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். ஒரே ஒரு தடவை.

"சாயங்காலம் எடுத்துக்கட்டும். ஒரு நாள் புடவையை நல்லா போத்திக்கிட்டுப் போனா ஒண்ணும் ஆயிடாது" என்றார் டீச்சர்.

"சரி டீச்சர்" என்றேன். மறுநாள் அக்காவிடமும் அதையே சொன்னேன்.

என் படங்களைக் கண்காட்சியில் வைக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் எட்டுத் தலை உயரத்துக்குத் திருத்தி வரையும்படியும் சொன்னார். மொத்தம் பன்னிரண்டு படங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அளவுகள் என் நோட்டில் இருந்தன. நான் தங்கியிருந்த மாணவியர் விடுதியில், என் பெட்டிக்குள் வெள்ளைத் துணி ஒரு கஜம் இருந்தது. ஊசி இருந்தது, நூல் இருந்தது. மெஷின் இல்லாமல் கையாலேயே ஒரு ரவிக்கை தைக்க எனக்கு ஏழு மணி நேரம் போதும். காலை ஆறு மணியிலிருந்து விளக்கு வைக்கிறவரை எனக்குப் பன்னிரண்டு மணி நேரம் இருந்தது. அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் நான் அக்காவின் கால்களை நீட்டிக்கொண்டிருந்தேன். கழுத்தை இழுத்தேன். புஜத்தை ரப்பரால் அழித்து மெல்லியதாக்கினேன். தோளைக் குறுக்கினேன். அவருக்கு ஒரு ரவிக்கை தேவைப்பட்ட நாளில், எந்த ரவிக்கையும் தேவைப்படாத ஓர் உடம்பை அவருக்குச் செய்துகொண்டிருந்தேன். மறந்துபோய்ச் செய்யவில்லை. நினைவு இருந்தது. கண்காட்சியில் என் படம் இருக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

திங்கட்கிழமை கண்காட்சி சிறப்பாக நடந்தது. அதிகாரி என் படங்களின் முன்னால் நின்று, "அசல் வெளிநாட்டுப் படம் மாதிரியே இருக்கே" என்றார். டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வெற்றிலை பாக்கோடு ஒரு தாம்பாளத்தில் ஏதாவது வைத்துக் கொடுக்க வேண்டுமென்று சுற்றிப் பார்த்தார். இருந்ததிலேயே தையல் சுத்தமாக இருந்தது பச்சை ரவிக்கை. அதை எடுத்து அதிகாரியின் மனைவியிடம் கொடுத்தார். நாற்பது அங்குல மார்புள்ள ஓர் அம்மாளுக்கு முப்பத்துநான்கு அங்குல ரவிக்கை. அளவெடுக்கச் சொல்லிக்கொடுத்த டீச்சர் கொடுத்தது. பன்னிரண்டு மாணவிகள் நின்று கைதட்டினோம். என் கைகளும் தட்டின.

மத்தியானம் அக்கா வந்தார். புடவையை இரண்டு தோள்களுக்கும் சேர்த்து இறுக்கிப் போர்த்தியிருந்தார். வந்ததும் பானையைத் திறந்து பார்த்தார். விருந்தாளிகள் குடித்துக் காலியாக்கியிருந்தார்கள். குடத்தை எடுத்தார். என்ன ஆயிற்று என்று நான்தான் கேட்டேன்.

"வாசல்லயே நிறுத்திட்டாக. 'அன்னைக்கே சொன்னேன்ல, ஒனக்குக் காது இல்லையா?'ன்னு கேட்டாக. தச்சு இருக்குதுங்கம்மா, சாயங்காலம் போட்டுக்கிட்டு வாரேன்னேன். 'இப்பிடித்தான் எல்லாரும் சொல்லுவீக'ன்னுட்டாக."

பிறகு சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக நின்று நின்று பார்த்தார். "இதுல நான் எதும்மா?" என்றார். நான் காட்டினேன். "இதா? ஏதோ ஒரு கொக்கு என் கொண்டையத் திருடி வச்சுக்கிட்டு நிக்குது" என்று சொல்லிவிட்டுக் குளத்துக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை அறையை ஒழுங்குபடுத்தியபோது, விருந்தாளிகள் உட்கார்ந்திருந்த நாற்காலி ஒன்றின் மேல் பச்சை ரவிக்கை கிடந்தது. அந்த அம்மாள் வெற்றிலையைக்கூட எடுத்துப் போகவில்லை.

அதை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். அவர் வாங்கவில்லை. "சட்டைய அப்புறம் பாத்துக்குவம் பாப்பா. அங்க இன்னும் ஆள் எடுக்கலயாம். அங்கிட்டு வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. சட்ட வெள்ளிக்கெழமையே தயாரா இருந்துச்சு, நாங்கதான் வாங்கி வச்சுக்கிட்டோம், இவ பொய் சொல்லலன்னு. டீச்சரம்மா ஒரு காயிதம் குடுத்தாலும் போதும்."

டீச்சரிடம் போனோம். "ஆயா வேலைக்கு ஆள் போறதுக்கெல்லாம் நான் காகிதம் குடுத்துக்கிட்டிருந்தா நிலையத்தோட பேரு என்னாகிறது? 'நாங்க வாங்கி வச்சுக்கிட்டோம்'னு நானே எழுதித் தரணுமா?" என்று கேட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். டீச்சரும் என் முகத்தைப் பார்த்தார். உள்தேர்வு மதிப்பெண் பட்டியல் டீச்சரின் மேஜைமேல் இருந்தது, கையெழுத்து இன்னும் போடவில்லை. நான் தரையைப் பார்த்தேன்.

"சரி, தண்ணி பத்தலன்னா சொல்லுங்க" என்று அக்கா வெளியே போனார். அந்த வாரக் கடைசியில் வேலை வேறொருவருக்குப் போனது. அடுத்த மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா ஊரைவிட்டே போய்விட்டார். நார்த்தாமலைப் பக்கம் கல்லுடைக்கும் இடத்தில் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள். மகள் பள்ளிக்கூடம் போனாளா என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

எனக்கு உருவம் வரையும் பாடத்தில் முதல் மதிப்பெண். அந்தப் பன்னிரண்டு படங்களைக் காட்டித்தான் சென்னையில் ஆயத்த ஆடை செய்யும் நிறுவனமொன்றில் வேலை வாங்கினேன். ஏழு வருஷமாகிறது. இங்கே எல்லோரும் என்னை அமைதியானவள் என்கிறார்கள். குரல் உயர்த்தாதவள், பட்டியல் போட்டு வேலை செய்பவள் என்று புகழ்கிறார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சியைக் கேட்டால் எரிகிறது. அன்று டீச்சரின் அறையில் நான் காட்டியதும் இதே அமைதிதான். டீச்சர் மேல் எனக்கு இருக்கும் கோபம் ஆறவில்லை, ஆற வேண்டிய அவசியமும் இல்லை. வாசலில் நிறுத்திய அம்மாள் மேலும் அப்படித்தான். ஆனால் அவர்கள் இருவரும் அக்காவிடம் எந்த வாக்கும் கொடுத்தவர்கள் அல்லர். கொடுத்தவள் நான்.

போன மாதம் அந்தப் பிரசவ விடுதிக்குப் போனேன். மேற்பார்வை அம்மாள் மாறிவிட்டார். பதிவேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் என்ன விஷயம் என்று கேட்டாள். எத்தனையோ வருஷத்துக்கு முந்தைய ஒரு திங்கட்கிழமையைப் பற்றி என்று சொன்னேன். அவள் என்னை உட்காரச் சொன்னாள், உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று விசாரித்தாள். நான் நின்றபடியே சொன்னேன்: ரவிக்கை வெள்ளிக்கிழமை மத்தியானமே தயாராக இருந்தது. தைத்தவள் நான். போட்டுப் பார்த்தார், பொருந்தியது. நாங்கள் வாங்கிப் பூட்டி வைத்தோம். அதனால்தான் அது இல்லாமல் வந்தார். அவர் பொய் சொல்லவில்லை.

சுவரில் கடிகாரம் இருந்தது. சொல்லி முடிக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.